படி தெரியாத இருட்டு

நாடகக் குழுவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். இயக்குநருக்கு மட்டும் கூடப்பிறந்த அக்கா. நடிப்பு தம்பியின் பொறுப்பு. மேடைக்குப் பின்னால் நடப்பதெல்லாம் அவள் பொறுப்பு. ஹெட்செட்டில் அவள் சொன்னால்தான் விளக்கு அணையும், நாற்காலி நகரும்.

முதல் காட்சி முடிந்ததும் மேடை முழுக்க இருட்டாகும். அந்த இருட்டில் நடிகர்கள் உயரமான பலகைத் தளத்திலிருந்து படியிறங்கி உள்ளே வந்துவிட வேண்டும். அதற்காகப் படி விளிம்புகளில் இருட்டில் மின்னும் டேப்பை ஒட்டியிருந்தாள். முன்வரிசையிலிருந்து ஒத்திகை பார்த்த தம்பியின் கண்ணை அது உறுத்தியது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உரித்துப்போட்டான். அடுத்த ஒத்திகையிலேயே கதாநாயகி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள்.

"பாத்து நடக்கத் தெரியல அவளுக்கு" என்றான் தம்பி, எல்லோர் முன்னாலும். அந்தப் பாத்திரத்துக்கு வேறொருத்தியைப் போட்டான்.

அக்கா மறுபடி டேப்பை ஒட்டினாள். அரங்கேற்றத்தன்று, கூட்டம் வந்து உட்கார்ந்த பிறகு, கடைசியாக ஒருமுறை மேடையைச் சுற்றி வந்தவள் படியருகே நின்றுவிட்டாள். டேப் இல்லை.

"நான் சொல்ற வரைக்கும் திரையைத் தொடாதீங்க" என்றாள் ஹெட்செட்டில்.

தம்பி ஓடிவந்தான். "என்னக்கா இது? ஜனங்க காத்திருக்காங்க. மானம் போகுது."

"அவளுக்குக் கால் போச்சு. உனக்கு மானம்தானே, போகட்டும்."

"அது மின்னினா காட்சியே கெட்டுடும். எத்தனை தடவ சொல்றது?"

"சரி, மேல ஏறு."

முறைத்துக்கொண்டே ஏறினான். அவள் விளக்குகளை அணைக்கச் சொன்னாள். கீழ்ப்படியில் போய் நின்று, விழுந்தால் பிடிக்கக் கைகளை நீட்டிக்கொண்டு, "இறங்கு" என்றாள்.

செருப்பு பலகையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அக்கா, விளக்கப் போடச் சொல்லு."

"அவ கேட்டிருந்தா போட்டிருப்பியா?"

ஹெட்செட்டில் விளக்கைப் போடச் சொன்னாள். விளக்கு வந்தபோது, விளிம்பை இறுகப் பிடித்தபடி குந்தியிருந்தான். புதுக் கதாநாயகி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அக்கா ஒவ்வொரு படியாக டேப்பை ஒட்டி முடித்த பிறகுதான் திரை விலகியது. நாடகம் பிசகில்லாமல் நடந்தது. கடைசியில் குழுவை அறிமுகம் செய்தவன், "எங்க அக்கா" என்று கையை நீட்டினான். அவள் மேடைக்கு வரவில்லை.

மறுநாள் அவன் கணுக்கால் முறிந்த பெண்ணைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டானாம். யாரோ வந்து சொன்னார்கள். "முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றாள் அக்கா. இன்றுவரை அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு விளக்கோடும் நாற்காலியோடும் சரி.