மேல்வீட்டுக் கிட்டாரின் கடைசி நோட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இந்தக் கதை மேலிருந்து வந்தது. அருள் வாக்கெல்லாம் இல்லை, மேல்வீட்டிலிருந்து.

பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. வீட்டிலேயே வேலை. ஒரு மாதமாக, மாலை ஐந்தரை ஆனால் என் தலைக்கு மேலே கிட்டாரின் ஒற்றை ஸ்வரம், ஒரு நோட்டு, எழும்பும். ஆக மெல்லிய கம்பியில், கடைசி ஃப்ரெட்டில், வீணையில் என்றால் கடைசி மெட்டில், பிடித்த உச்ச நோட்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். மறுபடி எழும்பும். மறுபடி மூன்று. தினமும் இதைக் கேட்பவனுக்கு ஒன்று பைத்தியம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் கதை எழுத வேண்டும். நான் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "அவள் கம்பியை அழுத்தியபோது உலகமே ஒரு கணம்—"

வேண்டாம். உலகத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க 'மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க' என்று சொல்பவளுக்கு*, ஒரு நோட்டைப் பிடித்து வைக்க முடியவில்லை."

(இது நான் ஜோடித்தது இல்லை. மேல்வீட்டுக்காரர் உண்மையாகவே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். இத்தனை பொருத்தமாக இருந்தால் யார் நம்புவார்கள் என்று இரண்டு தடவை அடித்தேன். மனசு கேட்காமல் இரண்டு தடவையும் திரும்பச் சேர்த்தேன்.)

* கதைக்குள் 'அவள்'. மாடிப்படியில் எதிரே வந்தால் 'அவர்', 'நல்லா இருக்கீங்களா மேடம்?' எழுதுகிறவனின் திமிர் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

மருத்துவமனை ஊழியர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாண்டு வைத்திருந்தார்கள். போன மாதம் அவள் சொந்தமாக ஒரு பாட்டு கட்டினாள். முடிவில் எல்லா வாத்தியமும் அடங்கிவிடும். அவள் கிட்டாரின் உச்ச நோட்டு மட்டும் எட்டு எண்ணும்வரை தனியாக நிற்க வேண்டும். சனிக்கிழமை ஊழியர் விழாவில் மேடையேற்றம். அவள் கட்டிய முதல் பாட்டு அது. நோட்டோ மூன்றைத் தாண்டவில்லை.

டிரம்ஸ் வாசிப்பவன் அவளுடைய கொழுந்தன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஒத்திகை முடிந்து குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டே மென்று விழுங்கினான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கடைசி நோட்டைக் கீபோர்டுக்குக் குடுத்துடலாமா?"

"ஏன், என் கை அவ்வளவு மோசமா?"

"கை இல்ல அண்ணி... கீபோர்டுன்னா விரலை எடுக்கற வரைக்கும் நிக்கும்ல."

"என் பாட்டுடா அது."

"தெரியும். அதான் கெஞ்சிக் கேக்கறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. சரியா வரலைன்னா மாத்திக்கலாம்."

அவள் ஆம்ப்பில், அந்த ஸ்பீக்கர் பெட்டியில், ஒலியைப் பெருக்கும் கெயின் திருகை முழுசாக ஏற்றினாள். சத்தம் தடித்தது, நோட்டு நீளவில்லை. தடித்த கம்பி மாட்டினாள். விரல்நுனி கொப்பளித்ததுதான் மிச்சம். கம்பிக்கு அடியில் இருந்து அதிர்வை வாங்கும் பிக்கப்பைத் திருகித் திருகி உயர்த்தினாள். அதன் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்க, இருந்த மூன்றும் இரண்டானது. திரும்ப இறக்கினாள். கடைசியில் பழியைத் தன் கைமேல் போட்டாள்.

"நாப்பத்திரெண்டு வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா?"

(மாடிப்படியில் அவர் சொன்னது பாதி, நானே ஊகித்தது மீதி. இந்த இடத்தில் அவளை அழ வைத்தேன். அப்புறம் அந்த வரியை அடித்துவிட்டேன். எனக்கு அவள்மேல் நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டிருந்தது.)

4

பிறகு எழுத்தாளன் செய்யக் கூடாததைச் செய்தேன். விவரம் சரிதானா என்று விசாரிக்கப் போனேன். கிட்டார் பழுதுபார்க்கும் கடைக்காரர் பாதி கேட்டதுமே குறுக்கிட்டார்.

"மூணு எண்ணுனா நிக்குதுன்னீங்களே, தேஞ்சு நிக்குதா, கத்தரிச்ச மாதிரி நிக்குதா?"

"கத்தரிச்ச மாதிரி."

"அப்ப கைமேல தப்பே இல்ல. கெயின் ஏறுனா வாசிக்காத நேரத்துல ஸ்ஸ்ஸ்னு இரைச்சல் வரும். அதை அடக்க நாய்ஸ் கேட்னு ஒரு பெட்டி மாட்டுவாங்க. அதோட திருகை ரொம்ப ஏத்தி வச்சிருப்பாங்க. உச்ச நோட்டோட சத்தம் லேசா இறங்குனதும், இதுவும் இரைச்சல்தான்னு அது மூடிக்கும். திருகைக் கொறைச்சுட்டு, ஆம்ப்புப் பக்கம் திரும்பி நின்னு வாசிக்கச் சொல்லுங்க. ஸ்பீக்கர் சத்தமே கம்பியை அதிர வச்சுக்கிட்டு இருக்கும்."

"அவ்வளவு ஏத்தி வைப்பானேன்?"

"அக்கம்பக்கத்துல எவனாவது கத்தியிருப்பான்."

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

5

அந்த எவனாவது நான்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் மேலிருந்து ஸ்ஸ்ஸ் என்று ஓயாமல் இறங்கியது. "இரைச்சலை உடனே நிறுத்தவும்" என்று ஒரு தாளில் எழுதி, என் பெயருக்குப் பதில் 'குடியிருப்போர்' என்று பன்மையில் முடித்து, அவர் கதவிடுக்கில் செருகினேன். பிழையே இல்லாத கடிதம். இரண்டு நாளில் இரைச்சல் அடங்கியது. உச்ச நோட்டுக்கு வேலை வந்தது அதற்குப் பிறகுதான். அதற்குள் அந்தப் பெட்டி அவருக்கே மறந்திருக்கும். நானோ கை, கம்பி, பிக்கப் என்று ஏழு வரைவு எழுதித் தள்ளினேன்.

முடிவு அ: நான் வாயைத் திறக்கவில்லை. கீபோர்டு வாசிக்கிறது. அரங்கம் கைதட்டுகிறது. எனக்கு நிம்மதியான மாலைகள்.

முடிவு ஆ: அவளே பெட்டியைத் துடைக்கும்போது கை தவறித் திருகில் பட்டு—

இல்லை. என் தப்பைத் தற்செயலின் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

முடிவு இ: மாடிப்படி.

6

வெள்ளிக்கிழமை, ஐந்தரை. கதவைத் திறந்தவரின் தோளில் கிட்டார் தொங்கியது. பெட்டி, திருகு, ஆம்ப்பு, கடிதம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அது நீங்களா சார்?"

"நான்தான் மேடம். மன்னிச்சிடுங்க."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எதிர்வீட்டு டீச்சர்னு நெனச்சேன். ரெண்டு மாசமா அவங்க மூஞ்சியைக்கூடப் பாக்கல. போன வாரம் கால் பிசகி என்கிட்டதான் எக்ஸ்ரேவுக்கு வந்தாங்க. ஒரு வார்த்தை பேசாம படம் எடுத்து அனுப்பிட்டேன் சார்."

என் ஏழு வரைவிலும் டீச்சர் என்று ஒருவர் கிடையாது. இருப்பதே எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

"நான் அந்தத் திருகைக் கொறைச்சு வாசிச்சுப் பாக்கறேன்," என்றார். "நீங்க போய் அவங்ககிட்ட சொல்லுங்க. இப்பவே."

எதிர்க் கதவு நாலே எட்டு. மணியை அழுத்தினேன். முதுகுக்குப் பின்னால் ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல் கிளம்பியது. பிறகு நோட்டு எழுந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்கள்.

நான்கு. ஐந்து.

தாழ்ப்பாள் விலகியது. எண்ணிக்கையை இங்கிருந்து நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். நான் டீச்சரிடம் பேச வேண்டும்.