வலப்பக்கத்துப் பெட்டி

ஸுல்பிகாவின் வீட்டிலிருந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் வலப்பக்கத்தது ஊமையாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அவளுடைய புருஷன் லாபிர் அறுபத்தொன்பதில் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டு செட் அது. லாபிருக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை. கோபே துறைமுகத்தில் வாங்கி, தன் படுக்கைக்குக் கீழே கட்டி வைத்து, ஆட்டத்திலும் ஈரத்திலும் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார். உட்துறைமுக வீதிக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன வீட்டின் முன் அறையில் தானே வயர் இழுத்துப் பூட்டினார். பெட்டிகளை இரண்டு மூலைகளிலும் வைத்துவிட்டு, எதிரே இரண்டு பிரம்புக் கதிரைகளைப் போட்டார்.

"இதிலதான் இரிக்க வேணும், ஸுல்பி. அந்தப் பெட்டியில ஒராள், இந்தப் பெட்டியில ஒராள். நடுவில நாம."

மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். அவள் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். ஊசி தட்டில் இறங்கியதும், சுவரே இல்லாத ஓரிடத்தில் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. பாடுகிறவர் அலுமாரிப் பக்கமாக நின்றார். தாளம் யன்னல் பக்கமிருந்து வந்தது. அவள் தலையை அங்குமிங்கும் திருப்புவதைப் பார்த்து லாபிர் சிரித்தார். அந்த லீவு முடிந்து அவர் கப்பலேறும் வரை பின்னேரங்கள் இப்படித்தான் போயின.

எழுபத்திரண்டாம் ஆண்டு மாரியில் கூரை ஒழுகியது. ஓடு விலகியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. விடிந்து பார்த்தபோது வலப்பக்கத்துப் பெட்டி தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. பெரியகடையில் ரேடியோ திருத்தும் கனகசபை வந்து பின்பலகையைக் கழற்றினார். உள்ளேயிருந்த கடதாசிக் கூம்பு சோற்றுக் கஞ்சியில் போட்ட துணிமாதிரித் தொய்ந்து கிடந்தது.

"இது சரிவராது, தங்கச்சி. புதுசுதான் போட வேணும். இப்ப ஒரு சாமானும் வெளிநாட்டில இருந்து வாறதில்லை. கொழும்பிலயும் எடுக்க ஏலாது."

"அப்ப என்ன செய்யிற, அண்ணன்?"

"ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒண்டாக்கி இந்த இடதுபக்கப் பெட்டிக்கே குடுத்துவிடலாம். வயரைக் கொஞ்சம் மாத்தினாச் சரி. ஒண்டும் குறையாமல் கேட்கும்."

அவள் யோசித்தாள். சுவரோரம் நேராக ஓடிய அந்த வயரை லாபிர் முழங்காலில் நின்று ஆணியடித்துப் பூட்டியது ஞாபகம் வந்தது.

"வேணாம். அவங்க வரட்டும். அவங்க பூட்டினபடியே இரிக்கட்டும்" என்றாள்.

கனகசபை பின்பலகையைத் திருப்பிப் பூட்டிவிட்டுப் போனார்.

அடுத்த முறை வந்தபோது லாபிரால் புதிய ஸ்பீக்கர் கொண்டுவர முடியவில்லை. சுங்கத்தில் கெடுபிடி அதிகம் என்றார். அதற்குப் பதிலாகப் பம்பாயில் வாங்கிய ஒரு இசைத்தட்டைக் கொடுத்தார். அட்டையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் வயலின், மற்றவர் கையில் புல்லாங்குழல்.

"வித்த கடையில போட்டுக் காட்டினான். வயலின் ஒண்டு கேட்கும், குழல் அதுக்கு மறுமொழி சொல்லும். புருஷன் பெண்சாதி கதைக்கிறமாதிரி. உனக்கெண்டுதான் வாங்கின."

அன்று போட்டுப் பார்த்தபோது வயலின் மட்டும் கேட்டது. குழல் இருந்தது வலப்பக்கத்தில். லாபிர் ஊமைப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அடுத்த பயணத்தில ரெண்டும் புதுசாக் கொண்டுவாறன். அதுவரைக்கும் பாதியைக் கேட்டுக்கொண்டிரு" என்றார்.

அந்தப் பாதியைத்தான் அவள் வருடக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னேரத்து அஸர் தொழுகையை முடித்து, குசினியில் சட்டிபானைகளை ஒதுக்கிவிட்டு, தட்டைப் போட்டு இடப்பக்கத்துக் கதிரையில் உட்காருவாள். பாட்டில்லாத வாத்தியம் என்பதாலோ என்னவோ, பாட்டுக் கேட்பது பாவம் என்கிற பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸாவும் அதைப்பற்றிக் குறை சொன்னதில்லை. வயலின் கீழிருந்து மெல்ல எழும்பி, ஒன்றைக் கேட்டுவிட்டு நிற்கும். பிறகு வெறுமை. ஊசி ஓடும் கரகரப்பு மட்டும். காதைத் தீட்டிக் கேட்டால் அந்த வெறுமைக்குள் தொலைவில் யாரோ மூச்சு விடுவதுபோல ஒன்று இருக்கும். வயலின்காரருக்கு முன்னாலிருந்த ஒலிவாங்கியில் தப்பித் தவறி விழுந்த குழலின் நிழல் அது. அவள் அதைப் பிடிக்கப் பார்ப்பாள். பிடிபடுவதற்குள் வயலின் மறுபடி தொடங்கிவிடும்.

குழல் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே எத்தனையோ பின்னேரங்கள் போயின. யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கப்பல்கள் வந்து நிற்கும், கிளம்பிப் போகும். மூதூர் லாஞ்சி சங்கூதிக்கொண்டு கரையை விட்டு விலகும். வயலின் நிற்கும்போதெல்லாம் அவளுடைய மனம் லாபிரிடம் போய்விடும். இப்போது எந்தக் கடலில் இருப்பார், சாப்பிட்டிருப்பாரா, அந்தச் சூட்டுக்குள் எப்படி நிற்கிறார் என்று. மகள் அசனாவைக் கந்தளாயில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் அவள் தனியாள். கலியாணத்துக்கு வந்து அவசரமாகத் திரும்பிய லாபிருக்கு ஸ்பீக்கரைப் பற்றிப் பேசவே நேரமிருக்கவில்லை. அவர் ஏறிப்போன பிறகுதான் அதை அவள் நினைத்தாள்.

எழுபத்தொன்பதில், முன்னறிவிப்பு எதுவுமில்லாமல், காலை ரயிலில் வந்து லாபிர் இறங்கினார். பின்னால் ஒரு தட்டுவண்டியில் பெரிய பெரிய இரண்டு பெட்டிகள் வந்தன.

"இனிப் போறதில்லை" என்றார் வாசலிலேயே. "வேலையை விட்டிட்டன்."

அவள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்த நேரம் அது. சொல்ல நினைத்து வைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை. "முகம் கழுவிட்டு வாங்க, தேத்தண்ணி போடுறன்" என்றுதான் வந்தது.

அவருடைய தலை முழுவதும் நரைத்திருந்தது. பேச்சும் மாறியிருந்தது. பக்கத்தில் இருக்கிறவளிடம் முற்றத்துக்கு அப்பால் நிற்கிறவளிடம் பேசுவதுபோல உரக்கப் பேசினார். குசினிக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

தேத்தண்ணீர் குடித்த கையோடு லாபிர் சிங்கப்பூரில் வாங்கிய அந்தப் பெட்டிகளைப் பிரித்தார். நெஞ்சளவு உயரமான, கறுப்புத் துணி போர்த்த ஸ்பீக்கர்கள். பழைய இரண்டையும் பின் அறையில் கொண்டுபோய் வைத்தார். முழங்காலில் உட்கார்ந்து வயர்களைச் சீவிப் பூட்டினார். கை மட்டும் பழைய லாபிரின் கையாகவே இருந்தது. ஸுல்பிகா பம்பாய்த் தட்டைத் துடைத்துக் கொடுத்தாள். இருவரும் கதிரைகளில் உட்கார்ந்தார்கள்.

வயலின் எழும்பியது. அவர் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வயலின் கேட்டுவிட்டு நின்றது. அந்த இடத்தில், வலப்பக்கமிருந்து, குழல் வந்தது.

அவள் நினைத்து வைத்திருந்த எதுவும் அல்ல அது. வயலினுக்கு ஆறுதலாக ஏதோ சொல்லும் என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தாள். குழலோ ஆறுதல் சொல்லவில்லை. வயலின் கேட்ட அதே கேள்வியை இன்னும் உயரத்தில் ஏறி நின்று திருப்பிக் கேட்டது. அங்கேயும் ஒருவர் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. லாபிரைத் திரும்பிப் பார்த்தாள்.

லாபிர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வலப்பக்கத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழல் எங்க?" என்றார். "இதுவும் வேலை செய்யுதில்லையே."

குழல் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. வந்ததிலிருந்து உரக்கப் பேசியதும், குசினிக் குரலுக்குப் பதில் வராததும், யன்னல் அதிரக் கூட்டி வைத்த சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து விளங்கின.

"ஓம்" என்றாள். "எனக்கும் சரியாக் கேட்கல்ல."

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. லாபிர் எழுந்து வயரைக் கழற்றிப் பூட்டினார். இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தார். பின்பலகையைத் திறந்து உள்ளே பார்த்தார். அவர் குனிந்து பாடுபடும்போது குழல் அவருடைய முகத்துக்கு நேரே வாசித்தது. கண்டபடி ஏசாத மனுஷன், விற்ற கடைக்காரனைப் பற்றி வாய்க்குள் ஏதோ சொன்னார். அன்று பின்னேரமும் அடுத்த நாளும் இதே வேலையாகக் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. அவள் அவர் முன்னால் போய் நின்று கையைக் காட்டித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"கனகசபையைக் கூட்டிவாறன்" என்று மூன்றாம் நாள் காலையில் ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"இப்ப எதுக்கு? களைச்சுப்போய் வந்திரிக்கிறீங்க. ஆறுதலாப் பாப்பம்." அவள் வழியில் நின்றாள்.

அவர் சிரித்து, அவளுடைய தோளை மெல்ல விலக்கிக்கொண்டு போனார். அவருக்கு முன்பே கனகசபையிடம் போய்ச் சொல்லிவைக்கவும் வழியில்லை.

கனகசபை வந்து புதிய பெட்டிகளைத் தடவிப் பார்த்தார். "நல்ல சாமான்" என்றார். தட்டைப் போட்டதும் கதிரையில் உட்காராமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவில் நின்று கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"இதில என்ன பிழை, லாபிர்? குழல் தேன்மாதிரி விழுகுது."

லாபிர் ஸுல்பிகாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கனகசபை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடையைத் திறந்துபோட்டு வந்தனான் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தட்டு ஓடி முடிந்து ஊசி கரகரத்துக்கொண்டிருந்தது. லாபிர் கதிரையில் உட்கார்ந்தார்.

"உனக்குக் கேட்டதுதானே?"

"ஓம்."

"முதல் நாளே?"

"ஓம்."

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை.

"இயந்திரச் சத்தம், ஸுல்பி. பகலும் இரவும் அதுக்குள்ள நிண்ட காது. கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டு. முதல்ல மணிச் சத்தம் கேட்காமப் போச்சு. மறுகா குருவிகள். டொக்டர் பாத்திட்டு, இனி இயந்திர அறைக்கு ஏலாது எண்டிட்டார். அதுதான் இறக்கிவிட்டிட்டாங்கள். பெரிய ஸ்பீக்கரா இருந்தாக் கேட்குமெண்டு நெச்சன். உனக்கு வாக்குக் குடுத்தது ஒண்டு. எனக்கும் ஆசை. அந்தக் கடையில கேட்ட குழலை இன்னொருக்காக் கேட்க வேணுமெண்டு கப்பலுக்குள்ள கிடந்து எத்தனை நாள் நெச்சிரிப்பன்."

ஸுல்பிகா கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெயும் சூடும் தின்ற கை.

"என் கதை கேட்குதா உங்களுக்கு?"

"கிட்ட இருந்தாக் கேட்குது. உன்ட குரல் கட்டைதானே."

"அப்ப இரிங்க."

அவள் எழுந்து தட்டை மறுபடி போட்டாள். வந்து உட்கார்ந்து, அவருடைய காதோடு வாயை வைத்தாள். வயலின் நின்று குழல் தொடங்கியதும், அது போகிற வழியைத் தன் கட்டைக் குரலில் முனகினாள். பாடிப் பழக்கமில்லாதவள். பிள்ளையைத் தாலாட்டிய பிறகு குரலெடுத்ததே இல்லை. குழல் ஏறிய உயரத்துக்கு ஏறமுடியாமல் பாதி வழியில் இறங்கினாள். அடுத்த அடி மறந்துவிட்டது. இந்த இரண்டு மூன்று நாளாகக் கேட்டதைத் தவிர அவளுக்கே அது புதிது.

"மறுகா?" என்றார் லாபிர், கண்ணை மூடியபடி.

"இன்னும் சரியாப் பிடிபடல்ல. நாளைக்குச் சொல்றன்."

அதன் பிறகு அவர் துறைமுகத்துப் பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் போகும் நேரங்களில் அவள் தனியே உட்கார்ந்து குழலைக் கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பாடமாக்கினாள். பின்னேரத்தில் அவர் வந்து உட்கார்ந்ததும் காதோடு சொன்னாள். மாரி தொடங்கும்போது கிட்டத்தட்ட முழுவதையும் தட்டுத்தடங்கலில்லாமல் முனகும் அளவுக்கு வந்துவிட்டாள்.

"இப்பதான் அந்தக் கடையில கேட்டமாதிரி இரிக்கு" என்றார் லாபிர் ஒருநாள். அவருடைய முகத்தில் நிறைவு இருந்தது.

அவள் சொல்லிக் கொடுத்தது குழல் போன வழியை மட்டும்தான். கடைசியில் ஓரிடத்தில் அது உச்சியில் போய்த் தனியே நிற்கும். கீழே வயலினும் இல்லாமல், மூச்சு முடிகிற வரைக்கும். அந்த ஓரிடத்தை அவளால் எந்தக் குரலிலும் எடுக்க முடியவில்லை. அங்கே வரும்போதெல்லாம் முனகலை நிறுத்திவிட்டு அவருடைய கையை இறுக்கிப் பிடிப்பாள். முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் புன்னகைப்பார். பக்கத்தில் இருந்துகொண்டே அவருக்கு எட்டாத தூரத்தில் குழல் இன்னும் நின்றுகொண்டிருக்கும். அது இறங்கி வரும்வரை அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.