நான்கு புரொஜெக்டரும் ஒரு பிரவுனும்

பத்தரைக்குத் தோல் வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார். ஒன்பது மணிக்கு மெர்சி நான்கு புரொஜெக்டர்களையும் போட்டாள். அந்த ஆம்பூர் தோல் கம்பெனியின் ஷோரூம் சுவரில் நான்கும் சேர்ந்து ஒரே பிரவுன் தோலின் படமாக விரிந்திருக்க வேண்டும். பட்டை பட்டையாக நான்கு பிரவுன் தெரிந்தது.

நேற்றுதான் கேமராவால் அளந்து, மங்கலான மூன்றாவது புரொஜெக்டருக்குச் சமமாக மற்ற மூன்றின் வெளிச்சத்தையும் இறக்கி, சுவரை ஒரே சீராக்கியிருந்தாள். இன்று பையர் தலையாட்டினால்தான் அவள் வேலை நிரந்தரம்.

சுவரைத் தொட்டாள். வழுக்கியது.

"ஜி.எம். சார் ஆர்டர் மேடம்," என்றார் ஃபினிஷிங் மாஸ்டர் முனிரத்தினம், பெருமையாக. "காலையில ரெண்டு கோட்டு ஷைனிங் அடிச்சேன். தோலுக்கு அடிக்கிறதுதான்."

முதலில் சென்ட் வாசனை வந்தது, பிறகு ஜி.எம். நாகேந்திரன் வந்தார். "சுவரு மின்னினாத்தாம்மா தோலு மின்னும். இதெல்லாம் காலேஜுல சொல்லித்தர மாட்டான்."

"பளபளப்புல ஒவ்வொரு புரொஜெக்டர் வெளிச்சமும் ஒவ்வொரு பக்கம் தெறிக்குது சார். நின்னா ஒரு கலரு, உக்காந்தா ஒரு கலரு. மேல டல்லர் அடிக்கணும்."

டல்லர் என்றால் தோலின் பளபளப்பை அடக்கும் பூச்சு.

"என் ஷோரூம்ல டல்லா? லைட்ட ஜாஸ்தி பண்ணும்மா!"

மெர்சி வரவேற்புப் படத்தைப் போட்டாள்: பன்னிரண்டடி உயர நாகேந்திரன்.

"பையர் உக்கார்ற சோபாவுல உக்காந்து பாருங்க சார்."

உட்கார்ந்தார். படத்தில் ஒரு கன்னம் சந்தனம், மறு கன்னம் கருவாடு. மூக்கின் நடுவே எல்லைக்கோடு.

"இன்னாய்யா இது பேஜாரு! அடிய்யா டல்லர!"

ஸ்ப்ரே சீறியது. ஃபேன் வைத்துக் காயவைத்தார்கள். மெர்சி மறுபடி அளக்கத் தொடங்கியபோது பத்தேகால். கேட்டில் கார் ஹாரன் கேட்டது.

"முடிஞ்சிச்சா?"

"கேமராவ மறைக்காதீங்க சார்!"

கதவு திறந்தபோது கடைசித் திருத்தம் ஏறி முடிந்து, சுவரில் மறுபடி தோல் விரிந்தது. பையரம்மா சோபாவைப் பார்க்கவே இல்லை. கையில் தோல் துண்டோடு சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். மூன்றாவது புரொஜெக்டரின் பகுதியில் நின்றார். துண்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

தலையாட்டினார். எல்லா இடத்திலும் ஒரே ஷேடு.

சுவரில் பளபளப்பே கூடாது என்று ஆரம்பத்திலிருந்தே தாம் பிடிவாதமாக இருந்ததை, நாகேந்திரன் அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார்.

மாலையில் சென்ட் வாசனையோடு பணி நிரந்தர ஆர்டர் வந்தது. மெர்சி, துணை வெளிச்ச அதிகாரி. தலைமை வெளிச்ச அதிகாரி யார் என்று அவள் கேட்கவில்லை.