கருத்து ஏதுமில்லை

படைக்குப் புதிய கைத்துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் குழு பதினோரு வருடம் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றால் உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. ஆரம்பித்தபோது கர்னல் சிக்வார்டுக்குத் தலை நிறைய முடி இருந்தது. முடிவதற்குள் கூட்ட அறை நாற்காலிகளை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள்.

சண்டை முழுக்கக் குண்டின் அளவைப் பற்றித்தான். கர்னல் சிக்வார்ட் பதினொன்றேகால் மில்லிமீட்டர் கட்சி. அவருக்கு எதிரே உட்காரும் லெப்டினன்ட் கர்னல் டோர்கில் ஒன்பது மில்லிமீட்டர் கட்சி. இருவரும் வாழ்நாளில் எந்த மனிதனையும் பார்த்துச் சுட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, இருவருக்கும் அத்தனை உறுதி.

"ஒன்பதுல சுட்டா எதிரி விழமாட்டான் டோர்கில். திரும்பி நின்னு, 'என்னப்பா, கூப்பிட்டியா?'ன்னு கேப்பான்" என்பார் சிக்வார்ட்.

"உங்க துப்பாக்கியில ஏழே ஏழு குண்டு. எட்டாவது ஆள்கிட்ட என்ன சொல்லுவீங்க? 'சித்த இருங்க, வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன்'னா?"

"எட்டாவது ஆள் வரமாட்டான்யா! முதல் ஏழு பேர் விழுந்ததப் பார்த்தே ஓடியிருப்பான்!"

இதையெல்லாம் வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தவள் குழுவின் செயலாளர் ஹால்டிஸ் பிரெக்கே. ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்த்தே சார்ஜண்ட் ஆனவள். அவளுக்கு ஒன்பதும் ஒன்றுதான், பதினொன்றேகாலும் ஒன்றுதான். அவளுக்கு வேண்டியது வேறு. துப்பாக்கி விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதல்லவா, அதற்குள் குளிர்காலக் கையுறை போட்ட விரல் நுழைய வேண்டும். அவ்வளவுதான்.

அவளுடைய வலதுகை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், வடக்கே ட்ரோம்ஸ் பக்கம் ஒரு குளிர்காலப் பயிற்சி. மைனஸ் முப்பத்து நாலு டிகிரி. பழைய கைத்துப்பாக்கியின் வளையத்தில் கையுறை நுழையாது என்பதால் அதைக் கழற்றிவிட்டுச் சுடுவார்கள். அன்றைக்குத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. வெறுங்கையோடு அதை நோண்டிக்கொண்டே இருந்தாள். வலிக்கவில்லையே என்று சந்தோஷம் வேறு! மறுவாரம் மருத்துவமனையில், குளிரில் உறைந்து செத்துப்போன விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். அந்தத் துப்பாக்கி படையில் இருந்த காலம் முழுக்க ஒரே ஒரு ஆளைத்தான் ஊனமாக்கியிருக்கிறது. அந்த ஆள் எதிரி இல்லை, ஹால்டிஸ்தான்.

இனி ஒருத்தருக்கும் இப்படி ஆகக் கூடாது என்று அவள் மனதுக்குள் வைத்திருந்தாள். வாய் திறந்து கேட்டும் பார்த்தாள், மூன்றாவது வருடக் கூட்டம் ஒன்றில்.

"கையுறை விஷயம் முக்கியம்தான் ஹால்டிஸ், யாரு இல்லேன்னா?" என்றார் சிக்வார்ட். "முதல்ல குண்டு அளவு முடியட்டும்."

எப்போது முடியும்? அதனால் அவள் வேறு வழி பிடித்தாள்.

படையில் எந்த முடிவும் நாற்பத்தோரு அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கையாகப் போய்வர வேண்டும். எல்லோரையும் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பெருமை. ஒரே ஒரு அலுவலகம் மறுப்பு எழுதினாலும் காகிதம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். சரி, எழுதுவார்களா? அது கிழமையைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஒவ்வொரு அலுவலகத்திலும் வாஃபிள் சுடுவார்கள். ஸ்ட்ராபெர்ரி ஜாமும் புளிப்பு க்ரீமும் வைத்து ஆளுக்கு மூன்று சாப்பிட்டுவிட்டு, மலைவீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் வந்த சுற்றறிக்கை அத்தனையிலும் 'கருத்து ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். படித்துப் பார்ப்பதாவது! பனிச்சறுக்குக் கட்டைகள் ஏற்கெனவே கார் மேல் ஏறியிருக்கும்.

புதிய கைத்துப்பாக்கிக்கான தேவைப் பட்டியல் இருநூற்றுப் பதினான்கு பக்கம். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், துப்பாக்கி உறையின் நிறத்துக்கும் எண்ணெய்ப் புட்டியின் மூடிக்கும் நடுவில், ஹால்டிஸ் ஒரு பத்தியைச் செருகினாள். நடப்பிலுள்ள குளிர்காலக் கையுறை அணிந்த விரல் தடையின்றி நுழையாத துப்பாக்கி நிராகரிக்கப்படும். பட்டியலை ஈஸ்டர் விடுமுறை வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு அனுப்பினாள். நாற்பத்தோரு பதிலும் மூன்று மணிக்குள் வந்துவிட்டன. கருத்து ஏதுமில்லை, கருத்து ஏதுமில்லை, கருத்து ஏதுமில்லை. அன்றைக்கு அவள் நாலு வாஃபிள் சாப்பிட்டாள்.

போட்டிக்கு வந்தவை ஐந்து துப்பாக்கிகள். சேற்றில் புதைத்தார்கள், கான்கிரீட் தரையில் போட்டார்கள், ஜெலட்டின் கட்டிகளில் சுட்டு ஓட்டையை அளந்தார்கள். கடைசியில் ஹால்டிஸ் நடப்பிலுள்ள கையுறை ஒரு ஜோடியை எடுத்து வைத்து, பக்கம் நூற்று நாற்பத்து மூன்றைப் பிரித்தாள். நாலு துப்பாக்கி அதிலேயே போய்விட்டன. அந்த நாலில்தான் பதினொன்றேகால் இரண்டும் இருந்தன.

சிக்வார்டுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "பதினோரு வருஷம் பேசினோம்! ஒரு கையுறை வந்து தீர்ப்பு சொல்லுதா? யார் எழுதினது இது?"

"உங்க அலுவலகமும் ஒத்துக்கிட்டதுதான் சிக்வார்ட். இதோ உங்க கையெழுத்து" என்றாள் ஹால்டிஸ், வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் மாதிரி.

டோர்கில் தன் வாதத் திறமையால்தான் ஒன்பது வென்றது என்று இன்றுவரை நம்புகிறார். நம்பிவிட்டுப் போகட்டும். ஒப்பந்தம் ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை கையெழுத்தானது. அன்றைக்கு வாஃபிளோடு கேக்கும் வெட்டினார்கள். அடுத்த வருடம் அக்டோபருக்குள் பன்னிரண்டாயிரம் துப்பாக்கிகளும் வந்து இறங்கிவிட்டன.

அதே வாரம் புதிய குளிர்காலக் கையுறைகளும் வந்தன.

நல்ல கையுறைதான், குறை சொல்லக் கூடாது. மூன்று அடுக்கு, உள்ளே ஆட்டு ரோமம், பழையதைவிட இரண்டு மடங்கு கதகதப்பு. ஹால்டிஸ் கிடங்கில் நின்று ஆசையாகப் போட்டுப் பார்த்தாள். பெட்டியிலிருந்து புதுத் துப்பாக்கி ஒன்றை எடுத்து விரலை வளையத்துக்குள் விட்டாள். நுழையவில்லை. திருப்பி விட்டாள். பக்கவாட்டில் நெருக்கினாள். ம்ஹூம். கையுறையை உருவிக்கொண்டு உடைப் பிரிவுக்கு நடந்தாள்.

உடைப் பிரிவு அதே தளத்தில்தான் இருந்தது. அங்கே கையுறைக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் வென்கேயும் ஹால்டிஸும் இருபது வருடமாக மதியச் சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். பிரவுன் சீஸ் வைத்த ரொட்டியை வென்கே பிரித்துக்கொண்டிருந்தபோது ஹால்டிஸ் கையுறையை மேசையில் அறைந்தாள்.

"ஏண்டி, உனக்கு மூளை இருக்கா? இவ்வளவு தடியா செஞ்சு வெச்சிருக்கியே, இத போட்டுக்கிட்டு எவளாவது துப்பாக்கி சுட முடியுமா?"

"கத்தாதடி. குளிருதுன்னு நாலாயிரம் பேர் புகார் எழுதினாங்க, தடியா செஞ்சோம். இதுல என்ன தப்பு?"

"பக்கத்து அறைதானே! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? தினம் உன் எதிர்லதானே உக்காந்து ரொட்டி திங்கறேன்?"

"கேட்டோமே!" வென்கேக்குக் கோபம் வந்துவிட்டது. "நாற்பத்தோரு இடத்துக்கும் அளவோட அனுப்பித்தான் கேட்டோம். சாப்பாட்டு மேசையில ஆபீஸ் விஷயம் பேச வேணாம்னு சொன்னவ நீ."

அவள் கோப்பு ஒன்றை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளி, ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். ஆயுதப் பிரிவு: கருத்து ஏதுமில்லை. கீழே ஹால்டிஸ் பிரெக்கே என்று கையெழுத்து. ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஜூன் வெள்ளிக்கிழமை. ஓரத்தில் ஸ்ட்ராபெர்ரி ஜாம் கறைகூட இருந்தது.

ஹால்டிஸ் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒரு கையில் கேக், மறு கையில் பேனா. அடுத்தவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவதை நம்பியே காரியம் சாதித்தவள், தான் மட்டும் படிப்பாளா என்ன? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரி விடு, இன்னொரு சுற்றறிக்கை அனுப்பு" என்றாள் வென்கே, குரலைத் தணித்து. "வெள்ளிக்கிழமையா பார்த்து அனுப்பு."

"வேணாம். இந்தத் தடவை எல்லாரும் படிக்கட்டும். திங்கக்கிழமை அனுப்பறேன்."

கையுறையில் விசை இழுக்கும் விரலை மட்டும் மெல்லியதாக்கலாம் என்று எழுதி அனுப்பினாள், காலை எட்டு மணிக்கு. படித்தார்கள், ஐயோ, எல்லோரும் படித்தார்கள்! நாற்பத்தொன்றில் முப்பத்தாறு அலுவலகங்களுக்குக் கருத்து இருந்தது. ஆட்டு ரோமம் ஒவ்வாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்றது தொழிற்சங்கம். விரலை மட்டும் மெல்லியதாக்கினால் அந்த விரலுக்குக் குளிராதா என்றது பணியிடப் பாதுகாப்பு. கடற்படைக்குக் கையுறையின் நிறம் பிடிக்கவில்லை. கர்னல் சிக்வார்ட் தன் கைப்பட நாலு பக்கம் எழுதியிருந்தார். பெரிய குண்டுக்குப் பெரிய துப்பாக்கி, பெரிய துப்பாக்கிக்குப் பெரிய வளையம். எனவே குண்டளவுப் பிரச்சினையை மறுபடி எடுத்துக்கொள்ள இதுவே தக்க தருணம். டோர்கில் அதற்கு ஆறு பக்கம் பதில் எழுதினார்.

கையுறை, குண்டளவு இரண்டையும் ஆராய ஒரு குழு போட்டார்கள், ஆறு வருடத் தவணை. ஹால்டிஸ் ஓய்வுபெற இரண்டு வருடம்தான் பாக்கி.

பிப்ரவரியில் புதுத் துப்பாக்கியோடு முதல் குளிர்காலப் பயிற்சி. மறுபடி ட்ரோம்ஸ். ஹால்டிஸை யாரும் கூப்பிடவில்லை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பகல் பதினோரு மணிக்கும் மைனஸ் முப்பத்தொன்று. மூக்குத் துவாரத்தில் மூச்சு உறைந்தது. நூற்றுப் பத்துப் பேர் இலக்குப் பலகைகளுக்கு எதிரே வரிசை கட்டி நின்றார்கள். முன்வரிசையில் லெப்டினன்ட் ரோன்யா என்றொருத்தி. கையுறை விரலால் வளையத்தைக் குத்திக் குத்திப் பார்த்தாள். பிறகு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு, வெறுங்கையால் சுடத் தொடங்கினாள். நன்றாகத்தான் சுட்டாள். மூன்றாவது குண்டுக்குத் துப்பாக்கி சிக்கியது. அவள் அதை நோண்ட ஆரம்பித்தாள்.

"நிறுத்து!" ஹால்டிஸ் கத்தினாள். "எல்லாரும் நிறுத்துங்க! ஏய், அத கீழ போடு! போடுன்னு சொல்றேன்ல!"

ஐம்பத்தெட்டு வயதில் பனிக்குள் முழங்கால் புதைய ஓடினாள். ரோன்யாவின் விரல் நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. ஹால்டிஸ் தன் கையுறைகளை உதறிவிட்டு, மேலங்கியைத் திறந்து, அந்தக் கையைத் தன் அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். ஐஸ்கட்டியை வைத்தது போல உடம்பெல்லாம் நடுங்கியது.

"வலிக்குதா?"

"இல்ல சார்ஜண்ட், வலியே இல்ல. எதுக்கு இந்த அமர்க்களம்?"

"வலிக்கணும். வலிக்கிறவரைக்கும் அசையாத."

இருவரும் கட்டிப்பிடித்தபடி பனியில் நின்றார்கள். வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ரோன்யாவும் சிரித்தாள். "எந்த வெண்ணெவெட்டி, சார்ஜண்ட், இந்தக் கையுறைக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டது? அவன் மட்டும் என் கையில கெடைச்சான்..."

"நான்தான்."

"சும்மா வெளையாடாதீங்க."

"நான்தான் போட்டேன். படிக்காம போட்டேன்."

ரோன்யா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்போதுதான் தன் முழங்கையைப் பிடித்திருந்த கையைக் கவனித்தாள், ஆள்காட்டி விரல் பாதியில் நின்றிருந்ததை. சிரிப்பு அடங்கிவிட்டது.

"எனக்கும் இப்படி ஆயிடுமா?" குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது.

ஹால்டிஸ் அந்தக் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஏழு நிமிடம், எட்டு நிமிடம். திடீரென்று ரோன்யா துள்ளினாள். "ஐயோ! ஐயய்யோ, வலிக்குது! நெருப்பா எரியுது, விடுங்க!"

"எரியட்டும்டி என் கண்ணு. நல்லா எரியட்டும்." ஹால்டிஸின் கண்ணில் நீர் வந்து இமையிலேயே உறைந்தது.

மருத்துவக் கூடாரத்துக்கு அனுப்புவதற்கு முன், தன் முதுகுப்பையிலிருந்து பழைய கையுறை ஜோடி ஒன்றை எடுத்தாள். பரிசோதனையின்போது அளவுக்கு வைத்திருந்தது. மற்றதையெல்லாம் உடைப் பிரிவு இலையுதிர்காலத்திலேயே எரித்துவிட்டது. நூற்றுப் பத்துப் பேர் நின்ற அந்தக் களத்தில் அந்த ஒரு ஜோடிதான் இருந்தது.

ரோன்யா வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இது பழைய மாதிரியாச்சே. இத போட அனுமதி இல்லையே சார்ஜண்ட். கர்னல் யாராவது பார்த்துட்டு என்னன்னு கேட்டா?"

"கருத்து ஏதுமில்லைன்னு சொல்லு" என்றாள் ஹால்டிஸ். "மேல எதுவும் கேக்கமாட்டாங்க."