எடைக்காரியின் பின்னல்

எடைக்காரி மூச்சு விட்டா முப்பது கோடி வருஷத்துக்கு முந்தின காத்து வரும். லிஃப்ட் அடிக்கடி நின்னுபோற மாதிரி, ஆய்வகத்துல எல்லாருக்கும் பழகிப்போன விஷயம்தான் அது. கல்லாப்போன இலைத் துணுக்கை அமிலத்துல கழுவி, பொடிச்சு, மிளகு சைஸ் தகரக் கிண்ணத்துல நிறுத்துப் போடுறது அவ வேலை. மிஷின் அதை எரிச்சு, லேசான கார்பன் எவ்வளவு, கனமான கார்பன் எவ்வளவுன்னு சொல்லும். செடி லேசானதைத்தான் விரும்பித் திங்கும். அந்தந்தக் காலத்துக் காத்துக்கு ஏத்த மாதிரி இந்த விகிதத்தோட எண்ணு மாறும். மூச்சுக்கே தராசு ஆடும்ங்கிறதால நிறுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கணும். பிடிச்சுப் பிடிச்சே அவளுக்கு ஒன்பது வருஷம் போச்சு.

புருஷனும் மகளும் ரயில்ல ரெண்டு நாள் தூரம். மகளுக்குப் பல்லு விழுந்தது, முளைச்சது எல்லாம் ஃபோன்லதான் பாத்தா. வேலையை விடுறேன்னு வருஷா வருஷம் எழுதிக் கொடுப்பா. இந்தப் பெட்டிக் கல்லு முடியட்டும்பாங்க ஆய்வகத்தை நடத்துற மேடம். அது முடியறதுக்குள்ள அடுத்த பெட்டி வந்து உக்காந்துரும்.

ஒருநாள், வெவ்வேற காலத்துக் கல்லு போட்ட நாப்பது கிண்ணமும் ஒரே எண்ணைக் காட்டுச்சு. கழுவாம போட்டுட்டியான்னு மேடம் கேட்டாங்க. கழுவித்தான் போட்டிருந்தா, அசதியில தலைக்குத் தொப்பி மாட்டத்தான் மறந்துட்டா. கிண்ணத்துக்கு ஒண்ணா முடி உதிர்ந்து கிடந்திருக்கு. அவ முடியை மட்டும் தனியா எரிச்சுப் பாத்தாங்க. போன மாசம் சாப்பிட்டதைச் சொல்லவேண்டிய முடி, கல்லாப்போன பெரணிக் காட்டோட எண்ணை அச்சு பிசகாம சொல்லுச்சு. மூணு தரம் எரிச்சும் அதேதான்.

மிஷின் சரியா இருக்கான்னு பாக்க, எண்ணு முன்னாடியே தெரிஞ்ச ஒண்ணைத் தினமும் காலையில முதல்ல எரிப்பாங்க. அதுக்கு இந்த முடியைவிட நல்லது கிடையாதுன்னு மேடத்துக்கு ஒரே சந்தோஷம். இனிமே உன்னை எப்படிம்மா விடுறதுன்னு தோளைத் தட்டிட்டுப் போனாங்க.

எடைக்காரி கத்திரியை எடுத்துப் பின்னலை அடியோட வெட்டினா. நிறுத்தா, புட்டியில போட்டுச் சீட்டு ஒட்டினா, மேடம் மேசையில வச்சா.

"நாப்பத்திரெண்டு கிராம் மேடம். உங்க பேரன் பேத்தி காலம் வரைக்கும் வரும். நான் கிளம்புறேன்."

மேடம் புட்டியைப் பாத்தாங்க, அவ தலையைப் பாத்தாங்க, அவ எழுதிக் கொடுத்திருந்த ராஜினாமாவுல கையெழுத்துப் போட்டாங்க.

வீட்டுல மக முதல் மூணு நாள் கதவுக்குப் பின்னாடியே நின்னா. "அப்பா, இந்த மொட்டை எத்தனை நாள் இருப்பாங்க?"ன்னு கேட்டா. எடைக்காரி அசதியில படுத்தே கிடந்தா. சன்னல் ஓரத்துத் தொட்டிச் செடிங்க வெயிலை விட்டுட்டு அவ மூச்சுப் பக்கமா சாஞ்சுச்சுங்க. புருஷன் தொட்டிகளைக் கட்டில் கிட்ட நகத்தி வச்சார். நாலாம் நாள் தண்ணி ஊத்த வந்த மக, செடிங்களைக் கொஞ்சம் தள்ளிட்டு, அம்மா மூச்சு படுற அதே பக்கம் படுத்துக்கிட்டா.