கடலுக்கு ஒரு கண்ணாடி

கடலுக்கடியில் ஐந்து முறை போய்வந்தும் அக்கா கடலைப் பார்த்ததில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இடது கண்ணில் பவர் ஏழு, வலதில் மூன்று. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அவளுக்கு ஆகாது, கண் கோவைப்பழமாகச் சிவந்துவிடும். டைவிங் வகுப்பில் கையருகே இருந்த காற்று மீட்டர் தெரிந்தது, தேறிவிட்டாள். அதற்கு அப்பால் எல்லாம் தண்ணீர் கலந்த பால்தான். மேலே வந்ததும் தங்கை, "ஆமைக்கா! எவ்ளோ பெரிய ஆமை!" என்று குதிப்பாள். அது எந்தப் பக்கம் போனது என்றுகூட இவளுக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவுக்கு வேலையே மூக்குக்கண்ணாடிக் கடையில்தான். லென்ஸை வெட்டி, தேய்த்து, சட்டத்தில் பொருத்துகிறவள். ஊர்க் கண்ணெல்லாம் அவள் கையால் தெளியும். அவள் கண்ணுக்குத் தண்ணீரில் வழியில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமையும் ஒண்ணும் தெரியலைன்னா விட்டுடுவேன் குருவி. நீ வேற ஜோடி பாத்துக்கோ" என்றாள். ஓயாத வாய்க்காகத் தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் குருவி. அன்றைக்கு அந்த வாய் மூடிக்கொண்டது. தண்ணீருக்குள் யாரையும் தனியாக விடமாட்டார்கள் என்ற கவலை ஒருபக்கம். அக்கா ஆசைப்பட்ட ஒன்றைக் கைவிட்டு அவள் பார்த்ததே இல்லை என்பது இன்னொரு பக்கம். அதுதான் அவளை அதிகம் உலுக்கியது.

சனிக்கிழமை இருவரும் டைவிங் சாமான் கடைக்குப் போனார்கள். உள்ளே ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. குருவி நேராகக் காலில் மாட்டுகிற மஞ்சள் ஃபின்களிடம் போய் நின்றாள். அக்காவின் கண் மூலையில் கிடந்த பழைய முழு டைவிங் செட்டில் விழுந்தது. யாரோ இரண்டு தடவை போட்டுவிட்டு அலுத்துப்போய் விற்றது, விலை கொள்ளை மலிவு.

கடைக்காரர் தாடியைச் சொறிந்தார். "மூச்சு விடுற சாமானை வரலாறு தெரியாம வாங்காதீங்கம்மா. வாடகைக்கு எடுங்க, போதும். காசு இருந்தா முகத்துக்குப் போடுங்க. மாஸ்க் மட்டும் சொந்தமா இருக்கணும்." இப்படிப் பேசினால் கடை எப்படித்தான் நடக்கிறதோ!

கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க் ஒன்றை எடுத்து அவரே நீட்டினார். "வாரை மாட்டாம முகத்துல வச்சு மூக்கால இழுங்க. இப்ப கையை விடுங்க. விழக்கூடாது."

முதல் மாஸ்க் விழுந்தது. இருப்பதிலேயே விலை கூடினது அதைவிட வேகமாக விழுந்தது. குருவி பாய்ந்து பிடித்தாள். கடைசியில் அடித்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்று அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. கடையிலேயே மலிவானது அதுதான். அதற்கு ரெடிமேட் பவர் லென்ஸும் உண்டாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வடிவம், பவர்தான் வேறு. அதனால் அதுவும் மலிவு.

"லென்ஸ் கிடங்குல இருக்கு. காலையில படகுக்கே குடுத்தனுப்பறேன். பொருத்த ஆள் வேணுமா?"

"என் பொழப்பே அதுதாங்க" என்றாள் அக்கா, கொஞ்சம் கர்வமாகவே.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். மறுநாள் படகில் லென்ஸைப் பொருத்தினாள், பனி படியாமல் இருக்கச் சோப்பு நீரைத் தடவினாள், கடைசி நிமிஷத்தில் அலசினாள், குதித்தாள். போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். அடுத்தவர் கண்ணுக்கே தப்பாமல் மாட்டுகிற கை, தன் கண்ணுக்கா தப்பும் என்ற நினைப்பு.

கீழே அதே பால். போதாக்குறைக்குத் தலைவலி வேறு. குருவி வழக்கம்போல் கையைப் பிடித்து இழுத்து எதையெதையோ காட்டினாள். அக்கா வழக்கம்போல் தலையாட்டினாள்.

மேலே வந்ததும் மாஸ்க்கைக் கழற்றி மடியில் போட்டாள். "போதும்டி. என் தலையெழுத்து அவ்வளவுதான்."

"இன்னொரு தடவை இறங்கணும்ல அக்கா..."

"நீ போ."

குருவி போகவில்லை. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். சும்மா இருக்க முடியாத கை மாஸ்க்கை எடுத்து, போட்டுக்கொள்ளும் வாக்கிலேயே தூரத்தில் பிடித்து, அதன் வழியே படகின் கயிற்றைப் பார்த்தது. கயிறு இடது பக்கத்தில் கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. வலது பக்கத்தில் நூலாகவே சுருங்கியது. பவர் கூடினால்தான் அப்படிச் சுருங்கும், கூடின பவரோ இடது கண்ணுக்கு.

"அடிப்பாவி!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

அவள் வேலை செய்யும் கடையில் சட்டம் எப்போதும் அவளைப் பார்த்தபடி இருக்கும். வந்தவரின் வலது கண் அவளுக்கு இடது பக்கம். இந்த மாஸ்க்கில் லென்ஸை உட்புறமாக, தான் போடுகிற பக்கத்திலிருந்து மாட்ட வேண்டும். பழகின கை பழகின மாதிரியே மாற்றி மாட்டிவிட்டது. பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்துத் திருகுகளைக் கழற்றினாள். லென்ஸ் இரண்டையும் இடம் மாற்றி மாட்டினாள். குருவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

இரண்டாம் முறை இறங்கும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். காதில் அழுத்தம் ஏறியது, மூக்கைப் பிடித்துச் சரிசெய்தாள். பிறகு திறந்தாள்.

கீழே தரை இருந்தது! மணலில் வரிவரியாக அலை எழுதிய கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல். வெயில் தூண்தூணாக இறங்கி அந்த மணலில் அசைந்தது. மீன் கூட்டம் ஒன்று திரும்பியது. அத்தனை உடம்பும் ஒரே நொடியில் வெள்ளியாகி மறுநொடியில் காணாமல் போனது. அதற்கு அப்பால் நீலம், அதற்கும் அப்பால் இன்னும் ஆழ்ந்த நீலம், முடிவே இல்லாமல். இவ்வளவும் இத்தனை முறையும் இங்கேதான் இருந்ததா? அவளுக்குப் பயமாக இருந்தது, கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. மாஸ்க்குக்குள் கண்ணீரைத் துடைக்க முடியாது. அது தன் பாட்டுக்கு வழிந்தது.

குருவி கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அசையவில்லை. எதிரில் இருந்த பாறையில் ஒரு கண் திறந்திருந்தது.

தங்கையின் கையை இறுகப் பற்றி அக்கா சுட்டிக் காட்டினாள். குருவிக்கு வெறும் பாறைதான் தெரிந்தது. தோளைக் குலுக்கினாள். பொறு என்று அக்கா கைகாட்டினாள். பாறையின் ஒரு மூலை மெல்ல நிறம் மாறியது, எட்டுக் கால் முளைத்தது, எழுந்து மணல்மேல் நடந்து போனது. குருவி கத்திய கத்தலெல்லாம் குமிழியாக மேலே பறந்தது.

படகில் ஏறிய பிறகும் அவளுக்கு ஆறவில்லை. "ஆக்டோபஸ்க்கா! அது அங்க இருக்குன்னு எப்படிக்கா கண்டுபிடிச்ச?"

அக்கா மாஸ்க்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அது என்னைப் பாத்துச்சுடி," என்றாள். "நானும் அதைப் பாத்தேன்."