மூன்று பெரிய பொத்தான்கள்

கண்டியில் கிளினிக்குக்குப் போய்விட்டு கட்டுகஸ்தோட்டையில் பஸ் இறங்கி, வியர்த்து விறுவிறுத்து றிஸ்வி வீட்டுக்கு வந்தபோது, முன்னறை அலுமாரியில் பலகையைப் பொருத்திப் பூட்டியாகிவிட்டது. பூட்டியது அவன் இல்லை. பக்கத்தில் அவனுடைய கூடப்பிறந்த மூத்தவர் ஸைத் நானா, பெருநாளுக்குச் சட்டை எடுத்து வந்தவர் போல முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றார். அவருடைய தளபாடப் பட்டறையில் தச்சு வேலை செய்யும் மோகனராஜ் பாஸ், துளையிடும் மெஷினின் வயரைச் சுற்றிக்கொண்டு தரையையே பார்த்தான். அடுப்படி வாசலில் நின்ற பஸ்லினா கணவனின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பிச் சோறு போடத் தொடங்கினாள். சிவப்பு போமைக்கா தகடு ஒட்டிய பலகை. இடப்பக்கம் ஜோய்ஸ்டிக், வலப்பக்கம் இரண்டு வரிசையில் ஆறு சின்னப் பொத்தான்கள், ஆறும் ஆறு நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் றிஸ்வி கேட்ட பலகை அது இல்லை.

முன்பெல்லாம் கடைகளில் காசு போட்டு நின்றுகொண்டே ஆடுவார்களே, அந்த வீடியோ கேம் பெட்டி. அதை அவன் ஐந்து மாதமாக வீட்டிலேயே செய்துகொண்டிருந்தான். கல்யாணத்தின்போது வந்த அலுமாரியின் மேல்கதவைக் கழற்றி மொனிட்டரை வைத்தான், கீழ்த்தட்டில் பழைய கம்பியூட்டரை இருத்தினான். எல்லாம் ஒரு கையால். வலக்கை முழங்கைக்குக் கீழே நான்கு விரல் அகலத்தோடு முடிந்து இரண்டு வருடமாகிறது. பலகைதான் மிச்சமிருந்த வேலை. முழுப் பெட்டியின் உயிரும் அதில்தான் இருக்கிறது, கைக்கு ஒத்துவராத பலகை பூட்டினால் பெட்டி வெறும் அலுமாரிதான். பஸ்லினாவின் பவுடரைக் கைமுனையில் பூசி, கண்ணை மூடிக்கொண்டு, கறுப்பு அட்டையில் ஐம்பது தடவை அடித்துப் பார்த்தான். பவுடர் எங்கே திட்டாகச் சேர்ந்ததோ அங்கே வட்டம் போட்டான். மூன்று வட்டம், ஒவ்வொன்றும் தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவு, பலகையின் முன்விளிம்போடு சேர்த்து, சற்றுச் சரிவாக. அதில் கைமுனையை வைத்துக்கொண்டே ஆடலாம். நான்கு அட்டையைக் கிழித்தெறிந்து ஐந்தாவதில்தான் சரிவந்தது. கைபோன பிறகு, ஆரம்பத்திலிருந்து அவனே யோசித்துச் செய்த முதல் சாமான் அது. அதன்படி பலகை வெட்டச் சொல்லி, அந்த அட்டையைத்தான் முந்தாநாள் மோகனராஜிடம் கொடுத்திருந்தான்.

அட்டை எங்கே என்று கேட்டான். மோகனராஜ் நிமிரவில்லை.

"பெரிய மொதலாளிதாங்க வேற படம் குடுத்தாரு. நீங்க போட்டது தான் சரியா இருக்கும்னு நான் சொல்லிப் பாத்தேங்க."

நானா அவசரமாக ஊடே வந்தார். போனில் தேடி, அசல் பெட்டியின் அளவுகளை எடுத்தாராம். பொத்தான்களைக்கூட கொழும்பிலிருந்து வரவழைத்தாராம். தம்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று காலையிலிருந்து பட்டறை வேலையைப் போட்டுவிட்டு நிற்கிறாராம்.

"நீ கீறினதப் பாத்தா கையில்லாத ஆளுக்குச் செஞ்ச சாமான்னு உடனே வெளங்கிடும். நாலு ஆக்கள் வந்து போற வீடு. மனசு கஷ்டம் தானே."

"யாருக்கு நானா?"

நானா பலகையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார். எதையும் நல்ல மனதோடுதான் செய்கிறவர் அவர். போன மாதம் தெல்தெனியவில் நடந்த கல்யாணத்திலும் இதே நல்ல மனதுதான். எல்லோரும் ஆறு ஆறு பேராக சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட, இவனை மட்டும் கதிரையில் இருத்தி, தனிப் பீங்கானும் கரண்டியும் கொடுக்க வைத்தார். இடக்கையால் சஹனில் கைவைத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவருக்குக் கவலை. றிஸ்வி பாதியில் பீங்கானைத் தள்ளிவைத்தான். கை போனதைப் பற்றி யாராவது விசாரித்தால், நஸீபு, அவன் விதி என்று பெருமூச்சு விடுவார் நானா. பட்டறையில் வட்டவாளுக்கு மேலிருந்த காப்பு மூடியை, வேலை சுணங்குகிறது என்று கழற்றச் சொன்ன வாயும் அதே வாய்தான். மூடியைக் கழற்றி ஒரு கிழமைக்குள், அதே வாளில் பலகை அறுத்தபோது றிஸ்வியின் கை போனது. கழற்றிய மோகனராஜுக்குத் தெரியும், றிஸ்விக்குத் தெரியும், நானாவுக்கும் தெரியும். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அந்தப் பேச்சு வரவில்லை. அதற்குப் பதிலாக அரிசி வரும், பழம் வரும், இப்போது ஆறு நிறத்தில் பொத்தான் வந்திருக்கிறது.

றிஸ்வி பலகைக்குக் கீழே குனிந்தான். வயர்களை ஒவ்வொன்றாகப் பல்லில் கடித்துப் பிடித்து, இடக்கையால் பொத்தான்களில் செருகினான். மோகனராஜ் உதவிக்கு வந்தபோது முறைத்த முறைப்பில் அவன் பின்வாங்கிக்கொண்டான். கால்மணி நேரம் போனது. பஸ்லினா சோற்றை மூடி வைத்தாள். மொனிட்டரில் வெளிச்சம் வந்து, இரண்டு சண்டைக்காரர்கள் எதிரெதிரே நின்று துள்ள ஆரம்பித்தார்கள். தம்பிக்குக் கோபம் ஆறிவிட்டதென்று நினைத்து நானா மறுபடி சிரித்தார்.

"இரிங்க நானா. வலது கைய மடிச்சு சட்டைக்குள்ள வைங்க. முழங்கையால அடிங்க."

விளையாட்டென்றுதான் நினைத்திருப்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரிய வயிற்றோடு நெருங்கி உட்கார்ந்து, கையைச் சட்டைக்குள் விட்டார். முழங்கை ஒரு பொத்தானைத் தேடிப் போய் மூன்றில் விழுந்தது. குத்த வேண்டிய ஆள் குதித்தான், குதிக்க வேண்டிய இடத்தில் குந்தினான், அரை நிமிடத்தில் அடிபட்டு விழுந்தான். நானா இன்னொரு தடவை ஆடினார். அதுவும் போனது. மூன்றாவது தடவை சிரிப்பு இல்லை, நெற்றியில் வியர்வை. எதிராளி நெருங்கி வந்து குத்த ஓங்கியபோது, சட்டைக்குள்ளிருந்து கை தன்பாட்டில் வெளியே வந்து பொத்தான்மேல் விழுந்தது.

"உள்ள வைங்க."

"நான் வேணும்னு எடுக்கல்ல றிஸ்வி. அது தானா வருது."

"எனக்கும் அப்படித்தான் வருது நானா. ரெண்டு வருஷமா. வந்து பாத்தா கை ஈக்காது."

மோகனராஜ் மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். திரையில் நானாவின் ஆள் மல்லாந்து கிடக்க, மீண்டும் ஆடுகிறீர்களா என்று கேட்டு, பத்திலிருந்து இலக்கங்கள் இறங்கத் தொடங்கின. ஒன்பது. எட்டு. ஸைத் திரையைப் பார்க்கவில்லை. ஆறு பொத்தான்களுக்கு மேலே விரித்தபடி நின்ற தன் ஐந்து விரல்களையும், எங்கே வைப்பதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.